கொலம்போவில் எதை நீக்குவது?

கேள்வி: நானும் என் அண்ணனும் 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர் என்றால் உயிரை விடுகிறவர்கள். 69 எபிசோடுகளையும் பார்த்து முடித்தாயிற்று. ஆனால் இருப்பதிலேயே மோசமான எபிசோடு எது என்று பேச்செடுத்தால் சண்டையில்தான் முடிகிறது. அவர் 'லாஸ்ட் சல்யூட் டு தி கொமடோர்' என்பார், நான் 'நோ டைம் டு டை' என்பேன். கோர்ட்டில் நிற்காத ஆதாரத்தோடு முடிகிற எபிசோடு எல்லாமே தேறாதவை என்பது அவர் கட்சி. இப்போது என் கணவர் முதல் முறையாகத் தொடரைப் பார்க்கப் போகிறார். மோசமானவற்றில் ஒரு பத்துப் பன்னிரண்டை நீக்கிவிட்டுக் காட்டச் சொல்கிறார் அண்ணன். நீக்கிவிடலாமா? ஓர் எபிசோடு மோசம் என்று எதை வைத்துச் சொல்வது?
— ஒரு வாசகி

பதில்: எதையும் நீக்க வேண்டாம். சிலவற்றை வரிசையில் பின்னால் தள்ளி வையுங்கள், போதும்.

அண்ணனின் அளவுகோலை முதலில் எடுத்துக்கொள்வோம். கோர்ட்டில் நிற்குமா என்று பார்க்க ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது 'மர்டர் பை தி புக்'. 1971 செப்டம்பரில் தொடர் வழக்கமான ஒளிபரப்புக்கு வந்தபோது முதலில் வந்த எபிசோடு அது. அப்போது இருபதுகளில் இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கியது. சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுகிற இருவரில், எழுத வராதவர் எழுதுகிறவரைக் கொன்றுவிடுகிறார். கடைசியில் துப்பறியும் போலீஸ்காரர் கொலம்போ கையில் இருப்பது, செத்தவர் எப்போதோ ஒரு கதைக்காகக் கிறுக்கி வைத்த குறிப்பு. கொலை நடந்த விதம் அதில் இருக்கிறது, அவ்வளவுதான். நல்ல வக்கீல் யாரும் அதை ஐந்தே நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்.

ஆனாலும் கொலைகாரராக நடிக்கும் ஜாக் காசிடி அங்கே உடைகிற இடம் நமக்கு உறுத்துவதில்லை. அந்தக் கொலைத் திட்டம் தன்னுடைய யோசனை என்று அவரே சொல்லிக்கொள்கிறார். தனக்கு வாழ்க்கையில் தோன்றிய ஒரே நல்ல யோசனை அது, அதைப் போய் இந்த ஆள் எழுதி வைப்பான் என்று யார் கண்டது என்கிறார். மாட்டிக்கொண்ட நேரத்திலும் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எழுதத் தெரியாத எழுத்தாளனை இதைவிடச் சுருக்கமாக எப்படிக் காட்டுவது? ஆதாரம் பலவீனம்தான், காட்சி பலவீனமில்லை.

இந்தத் தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் கொலைகாரர் யார் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். யார் செய்தது என்ற கேள்வி போய்விட்டால் மிஞ்சுவது இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான். கசங்கிய மழைக்கோட்டு போட்ட ஒரு லெப்டினன்ட் வருகிறார், போகிறார், வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்கிறார். எதிரில் இருப்பவர் முதலில் இவரை மதிப்பதில்லை, அப்புறம் எரிச்சல் வருகிறது, அப்புறம் பயம். ஆகவே என் அளவுகோல் இதுதான்: அந்த இருவருக்கும் நடுவில் ஏதாவது நடக்கிறதா?

அப்படிப் பார்த்தால் 'நோ டைம் டு டை' விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 1992-இல் வந்தது. எட் மெக்பெய்னின் காவல் நிலைய நாவல் ஒன்றை எடுத்துக் கொலம்போவுக்கு மாட்டிவிட்டார்கள். அவருடைய உறவுக்காரப் பையனின் கல்யாண இரவில் மணப்பெண்ணைக் கடத்திவிடுகிறார்கள். கொலை இல்லாதது ஒரு குறையே இல்லை. கடத்தியவனும் கொலம்போவும் கடைசிவரை உட்கார்ந்து பேசுவதில்லை என்பதுதான் குறை. கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபால்க் போன்ற நடிகரிடமிருந்து எதிராளியைப் பிடுங்கிக்கொண்டு, போலீஸ் தேடுதல் வேட்டையில் ஓடவிட்டால் அவர் என்ன செய்வார்? 1994-இல் வந்த 'அண்டர்கவர்' எபிசோடும் மெக்பெய்ன் கதைதான், அங்கேயும் அதே கோளாறு.

'லாஸ்ட் சல்யூட்' அப்படியில்லை. இதில் அண்ணனோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். 1976-இல் பாட்ரிக் மக்கூஹன் இயக்கியது. இரண்டு கொலம்போ எபிசோடுகளில் நடித்ததற்காக எம்மி விருது வாங்கிய அதே மக்கூஹன். படகுக் கம்பெனி முதலாளி செத்துக் கிடக்கிறார், மருமகன் பிணத்தை மறைக்கிறார். மருமகனாக ராபர்ட் வான். 1975-இல் 'ட்ரபிள்ட் வாட்டர்ஸ்' எபிசோடில், உல்லாசக் கப்பலில் கொலை செய்துவிட்டுக் கொலம்போவிடம் மாட்டியவர். அந்த முகத்தைப் பார்த்ததும், சரி, இவர்தான் என்று முடிவு கட்டி உட்கார்ந்துவிடுகிறோம். பாதிக் கதையில் அவரே கொலையாகிக் கிடக்கிறார்! நமக்குப் பழகிய விதியை வைத்தே நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதற்குப் பிறகு படம் இழுவைதான், மறுக்கவில்லை. எல்லோரையும் கூட்டி வைத்து ஒவ்வொருவர் காதிலும் கைக்கடிகாரத்தை நீட்டுகிற கடைசிக் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. கொலம்போவும் ஏனோ வேறு யாரோ மாதிரி நடந்துகொள்கிறார். ஆனால் துணிந்து புதிதாக ஒன்றைச் செய்யப்போய்ச் சறுக்கியதையும் சும்மா செய்து தோற்றதையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது.

சும்மா செய்தது எது என்று கேட்பீர்கள். என்னைப் பொறுத்தவரை 1990-இல் வந்த 'மர்டர் இன் மலிபு'. வடிவமெல்லாம் ஏறக்குறைய ஒழுங்காகத்தான் இருக்கிறது. கொலைகாரனுக்குத்தான் ஒன்றும் இல்லை. நல்ல எபிசோடுகளில் கொலை செய்கிறவர்களுக்கு ஒரு தொழில் இருக்கும், அதில் கர்வமும் இருக்கும். இசை நடத்துநர், ஒயின் தயாரிப்பவர், செஸ் சாம்பியன் என்று எத்தனை பேர்! 'எ ஸ்டிட்ச் இன் க்ரைம்' பாருங்கள். இதய அறுவை மருத்துவராக லெனார்ட் நிமாய். அவர் சிரிக்க, கொலம்போ கையில் இருக்கும் ஜாடியை மேசையில் ஓங்கி அடித்துவிட்டு நேருக்கு நேர் குற்றம் சாட்டுகிறார். கோபமே வராத மனிதர் என்று நாம் நம்பியிருந்தவர். அந்த மருத்துவரின் அமைதிதான் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. மலிபு ஆசாமிக்கு அழகைத் தவிர வேறு சரக்கில்லை. அவனைப் பிடிப்பதில் கொலம்போவுக்கு என்ன வேலை இருக்கிறது?

இன்னொன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் இருவருமே சொல்லாதது. என்னை உண்மையிலேயே வருத்துவது அதுதான். 1971-இல் வந்த 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' கடைசிக் காட்சி நினைவிருக்கும். திருட்டு ஓவியங்களில் கொலம்போவின் கைரேகை இருக்கிறது. கொலைகாரரின் வீட்டில் அவற்றைத் தொட்டபோது பதிந்தது. இப்போதுதான் தொட்டார், இங்கேதான் பதித்தார் என்று கொலைகாரராக நடிக்கும் ராஸ் மார்ட்டின் கத்துகிறார். கொலம்போ ஒரு வார்த்தை பேசாமல் கோட்டுப் பையிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. தொடரிலேயே சிறந்த முடிவு என்று தயங்காமல் சொல்வேன். ஆதாரத்தைத் தான் செய்து வைக்கவில்லை என்று நிரூபிக்கத் தயாராக வந்து நிற்கிற போலீஸ்காரர் அவர்.

அடுத்த வருடமே 'டாகர் ஆஃப் தி மைண்ட்'. லண்டன், மேக்பெத் நாடகத்தில் நடிக்கும் கணவன் மனைவி, லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டு. கேமராவும் கையுமாகக் கொலம்போ ஊர் சுற்றுகிற காட்சிகள் நீளம் என்பார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மெழுகு பொம்மைக் காட்சியகத்தில், கொலை நடந்தபோது அறுந்த மாலையின் முத்து ஒன்று குடைக்குள்ளிருந்து விழுகிறது, கொலைகாரர்கள் உடைந்துபோகிறார்கள். அந்த முத்தைக் குடைக்குள் சுண்டிவிட்டதே கொலம்போதான்! எப்படிச் சுண்டினேன் என்று ஸ்காட்லாந்து யார்டு அதிகாரிக்குச் செய்துகாட்டவும் செய்கிறார். கையுறையோடு வந்து நின்ற மனிதர் இதைச் செய்வாரா? கோர்ட்டில் நிற்காது என்ற அண்ணனின் வாதம் சரியாகப் பொருந்துகிற இடம் இதுதான். இங்கே கெட்டுப்போவது ஒரு வழக்கு மட்டுமில்லை, கொலம்போ மேல் நாம் வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே போகிறது.

அப்படியிருந்தும் நீக்காதீர்கள் என்கிறேனே, ஏன்? 'ஷார்ட் ஃபியூஸ்' எபிசோடைப் பல ரசிகர்கள் பலவீனமான பட்டியலில் வைப்பதுண்டு. நடுவில் தொய்வுதான். ஆனால் கடைசியில், மலை ஏறும் கேபிள் காருக்குள், உயரம் என்றாலே நடுங்குகிற கொலம்போ ஒரு சுருட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அதற்குள் குண்டு இருக்கிறது என்று அந்த வண்டியில் கொலைகாரராக நடிக்கும் ராடி மெக்டோவலுக்கு மட்டும்தான் தெரியும். அப்படி அவர் நினைக்கிறார். கொலம்போ சாவகாசமாகப் பெட்டியைத் திறக்கிறார், மெக்டோவலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைகிறது. பட்டியலைப் பார்த்து நீக்கியிருந்தால் உங்கள் கணவருக்கு இந்தக் காட்சி கிடைக்காமலே போயிருக்கும்.

வரிசைக்கு வருகிறேன். 'மர்டர் பை தி புக்', 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்', 'எ ஸ்டிட்ச் இன் க்ரைம்' மூன்றையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். 'டாகர் ஆஃப் தி மைண்ட்' கொஞ்சம் தள்ளியே வரட்டும், கையுறைக் காட்சி மனதில் பதிந்த பிறகு பார்த்தால்தான் அந்த முத்து எவ்வளவு பெரிய தவறு என்பது புரியும். 'ட்ரபிள்ட் வாட்டர்ஸ்' கட்டாயம் 'லாஸ்ட் சல்யூட்'டுக்கு முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் ராபர்ட் வான் செத்துக் கிடக்கும்போது உங்கள் கணவருக்குத் தூக்கிவாரிப் போடாது. 'நோ டைம் டு டை', 'அண்டர்கவர்', 'மர்டர் இன் மலிபு' மூன்றையும் கடைசிக்கு வைத்துவிடுங்கள். அதற்குள் அவர் எப்படியும் உங்கள் இருவர் சண்டையிலும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்திருப்பார்.