லட்சத்தீவு கப்பலா? முதலில் நாற்காலியை அளங்க

சக்கர நாற்காலியோடு லட்சத்தீவுக்குக் கப்பலில் சுற்றுலா போகலாமான்னு கேட்டீங்களே, வேண்டாம் அக்கா. தீவைச் சுற்றி ஆழம் கம்மி, கப்பல் வெளியேதான் நிற்கும். ஆடுகிற சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போகணும். உங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதைக் கொண்டாடப் போய், நீங்க சக்கர நாற்காலியோடு கப்பலிலேயே உட்கார்ந்திருப்பீங்க. கொச்சியில் ஏறி கோவா, மும்பை மாதிரி கப்பல் துறைமுக மேடையை ஒட்டியே நிற்கிற பயணமாகப் பாருங்க.

"லிஃப்ட் இருக்கு" என்று ஏஜெண்ட் சொன்னது பொய்யாக இருக்காது. சிக்கல் அறைக்கதவில். சாதாரண அறைக்கு 23 அங்குலம் வாக்கில்தான் இருக்கும். உங்க நாற்காலியை, சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கிற கைவளையத்தோடு சேர்த்து அளங்க, பெரும்பாலும் 25 வரும். கதவு 32 அங்குலம், குளியலறை வாசலில் படி கிடையாது: இரண்டையும் அறை எண்ணோடு எழுதி வாங்குங்க.

மார்த்தாண்டத்திலிருந்து அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போனப்போ நான் இதைக் கேட்கலை. மூணு ராத்திரியும் நாற்காலி வராந்தாவில் மடங்கிக் கிடந்தது. அம்மா சுவரைத் தடவித் தடவி பாத்ரூமுக்கு நடந்தாங்க.

இன்னொன்று, இந்த மாதிரி அகலக் கதவு அறை ஒரு கப்பலில் கொஞ்சம்தான். கிடைக்கலைன்னா தேதியைத் தள்ளுங்க. ஆனா ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், அலையில் பிரேக் போட்ட நாற்காலியே நகரும்.