வாசகர் கேள்வி பதில்: விற்கக் கூடாத நிலம்

கேள்வி: நாங்குநேரிப் பக்கம், ஒரு குளத்தங்கரைக்கும் பொத்தை என்கிற சிறு குன்றுக்கும் இடையில் 11 ஏக்கர் மானாவாரிப் புஞ்சை எனக்கு இருக்கிறது. நானே சம்பாதித்து வாங்கிய நிலம் அது. இருபது ஆண்டுகளாக உழவு இல்லாததால் உடைமரமும் புல்லுமாக நிற்கிறது. குளம் பெருகியதும் நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குகின்றன. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் புல்லுக்குள் இரவு தங்குகின்றன. சுற்றியிருந்த நிலங்களெல்லாம் வீட்டுமனைகளாகிவிட்டன. என் காலத்துக்குப் பிறகும் இந்த நிலம் இப்படியே இருக்க வேண்டும். 'எக்காலத்திலும் விற்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு மகன்களுக்கே செட்டில்மென்ட் எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி, ஒருவருக்குச் சொத்தைக் கொடுத்துவிட்டு அதை அவர் விற்கவே கூடாது என்று முழுத்தடை விதித்தால் அந்தத் தடை செல்லாது. நிபந்தனை விழுந்துவிடும், நிலம் மட்டும் மகன்களின் கைக்குப் போகும். நல்ல எண்ணத்தோடு இப்படி எழுதப்பட்ட பத்திரங்கள், எழுதியவர் கண்ணை மூடிய பிறகு வெறும் தாளாகிவிடுகின்றன என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அமெரிக்காவில் நிலம் உரிமையாளரிடமே இருக்க, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் என்றென்றைக்குமாக ஒரு நிலக்காப்பு அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கும் முறை உண்டு. அத்தகைய அறக்கட்டளைகளில் முதலாவது 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றியது. நம் நாட்டில் அந்த வழி இல்லை. நம்முடைய 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக அடுத்த நிலத்தின் மேல் இருக்கும் வண்டிப்பாதை, வாய்க்கால் தண்ணீர் போன்ற உரிமைகளையே ஏற்கிறது. பக்கத்தில் சொந்த நிலம் இல்லாத ஓர் அமைப்பு, பறவைகளின் பொருட்டு உங்கள் நிலத்தின் மேல் உரிமை கொண்டாட அதில் இடமில்லை.

ஆனாலும் கதவு முழுவதும் அடைபடவில்லை. தனியார் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைப்பதைத் தடுக்கும் அதே சொத்து மாற்றச் சட்டம், மதம், கல்வி, மருத்துவம் முதலாக மனித குலத்துக்குப் பயன்தரும் நோக்கங்களுக்காகப் பொதுமக்கள் நன்மை கருதிக் கொடுக்கப்படும் சொத்துக்கு 18ஆவது பிரிவில் விலக்கு அளிக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதினால் நிலைக்காத நிபந்தனை, பொது அறத்துக்கு எழுதினால் நிலைக்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, நிலத்தை ஒரு பொது அறக்கட்டளைக்குத் திரும்பப் பெற முடியாத வகையில் எழுதிவைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதுதான். இயற்கையைக் காப்பது அறப்பணியாகுமா என்ற ஐயம் வேண்டாம். நீர்ப்பிடிப்பு, காடு, வனவுயிர் உள்ளிட்ட சுற்றுச்சூழலைக் காப்பதும் அறநோக்கமே என்று வருமான வரிச் சட்டத்தில் 2009இல் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் வரிச்சலுகையை நம்பி இதில் இறங்க வேண்டாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே கழிவு தந்தது. நிலமாகக் கொடுத்ததற்குத் தரவில்லை.

பத்திரத்தின் வாசகத்தில்தான் உயிர் இருக்கிறது. 'சமூக சேவைக்காக' என்று பொதுப்படையாக எழுதினால், நாளை ஓர் அறங்காவலர் அங்கே கல்யாண மண்டபம் கட்டி அதையும் சேவை என்பார். புல்வெளியையும் உடைமரங்களையும் குளத்துக்கு வரும் ஓடையையும் உள்ளபடியே காப்பது மட்டுமே நோக்கம் என்று சர்வே எண்ணோடு எழுதுங்கள். அறங்காவலர்களுக்கு விற்கவும், அடமானம் வைக்கவும், நீண்ட குத்தகைக்கு விடவும் அதிகாரம் இல்லை என்றும், அறக்கட்டளை நடத்த முடியாமல் போனால் இதே நோக்கமுடைய வேறு பொது அமைப்புக்கே நிலம் சேர வேண்டும் என்றும் எழுதுங்கள். பயன்பெறுவோர் என்ற இடத்தில் ஊர்மக்களையும் சேருங்கள். அறக்கட்டளை தடம் புரண்டால், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவில் வழக்குத் தொடரலாம். உங்கள் பேரனைவிட அந்த ஊர்க்காரர்களே இதற்கு நம்பகமான காவல் என்பது என் எண்ணம்.

நிலத்தோடு கொஞ்சம் பணமும் கொடுங்கள். எல்லைக்கல் நடவும், கோடையில் தீ பரவாமல் தடம் வெட்டவும், ஒரு காவலாளுக்குச் சம்பளம் கொடுக்கவும் வைப்புநிதியின் வட்டி வர வேண்டும். பணமில்லாத அறக்கட்டளையின் நிலத்தில் முதலில் நுழைவது மண் அள்ளும் வண்டிதான். பதிவு முடிந்ததும் பட்டாவை அறக்கட்டளை பெயருக்கு மாற்ற மறக்கக் கூடாது. இது சுயார்ஜித நிலம் என்பதால் உங்கள் கையெழுத்தே போதும். பூர்வீக நிலமாக இருந்திருந்தால் மகள்கள் உட்பட எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருக்கும்.

இன்னொரு பூட்டும் உண்டு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவின்படி, சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் வெளியே உள்ள தனியார் நிலத்தை, உரிமையாளர் தாமே முன்வந்தால், மாநில அரசு சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். அறிவித்த பிறகு, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தனியார் நிலமானால் அந்தக் குழுவில் உரிமையாளரும் வனத்துறையும் ஊராட்சியும் இடம்பெறும். அறக்கட்டளை, காப்பகம் இரண்டும் சேர்ந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் அறக்கட்டளையை முதலில் முடியுங்கள்.

கேள்வி: கூந்தன்குளத்தில் ஊராரே பறவைகளைக் காக்கிறார்களே, பத்திரமும் சட்டமும் எதற்கு? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பே, வீட்டுமரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்த ஊர் அது, அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அறிவிக்கப்பட்ட பரப்பு சுமார் 1.3 சதுர கிலோமீட்டர்தான். குஞ்சுகளுக்கு இரை தேடிப் பறவைகள் போவது சுற்றியுள்ள குளங்களுக்கும் வயல்களுக்கும். அவற்றின் உரிமையாளர்கள் வேறு வேறு ஊர்க்காரர்கள். கூந்தன்குளத்தாரின் கட்டுப்பாடு அங்கே செல்லாது. நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குப் போகும் சாஸ்தா கோயில்களையே பாருங்கள். சாமிக்குரிய மரம் என்று ஊரே நம்பிய வரை அங்கே கோடாரி விழவில்லை. பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியூர் போய், ஆண்டுக்கு ஒரு நாள் காரில் வந்து திரும்பும் நிலை வந்தபோது, மரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தளம் வந்ததை நானே இரண்டு மூன்று கோயில்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காப்பதற்காக வாங்கிய தரிசில் மரக்கன்று நடலாமா? ஆடுகளைத் தடுக்க வேண்டுமா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதியிருப்பதால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருளல்ல. வானம்பாடியும் ஆள்காட்டியும் வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடுகின்றன. பூனைப்பருந்து தரையில்தான் உறங்குகிறது. அங்கே நெருக்கமாகக் கன்று நட்டால் அவை போய்விடும். மருதமும் நாவலும் தாமிரபரணிக் கரைக்கு உரியவை, அங்கே நடுங்கள். புஞ்சையில் செய்ய வேண்டிய வேலை சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது மட்டுமே. ஆடுகளை அடியோடு நிறுத்தாதீர்கள். கிடை போடுபவர்களோடு பேசி, பறவைகள் முட்டையிடும் மாதங்களில் மட்டும் மந்தையை வேறு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அந்த ஏற்பாட்டை அறக்கட்டளையின் தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் பெயரோடு எழுதிவையுங்கள்.