துப்பாக்கியோடு விமானம் ஏறுவது பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, எச்1பி விசாவில் டாலஸுக்கு வந்து ஓராண்டு ஆகும் முன்பே அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் பழகிவிட்டதாகவும், சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கிவிட்டதாகவும், அதை எடுத்துக்கொண்டு மொன்டானாவுக்கு விமானத்தில் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பெட்டி நல்லது, கட்டணம் எவ்வளவு, டிசம்பரில் ஊருக்குப் போகும்போது காட்டுப்பன்றி விரட்டுவதற்காக நம் குமரி மாவட்டத்துக் குலசேகரத்து மாமாவுக்கு ஒரு துப்பாக்கி கொண்டுபோகலாமா என்பவை உங்கள் கேள்விகள். பெட்டியைக் கடைக்காரரிடமும் கட்டணத்தை விமான நிறுவனத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காமல் விட்டதுதான் முதலில் சொல்ல வேண்டியது.

எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்குள்ள சில விலக்குகளில் உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. டெக்சஸின் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது. புதுப்பிக்க மறந்து செப்டம்பரில் விமான நிலையத்துக்குப் போனால், கவுண்டரில் எவ்வளவு முறையாக அறிவித்தாலும், வைத்திருப்பதே குற்றமாகிவிடும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது நாடு கடத்தப்படுவதற்குத் தனிக் காரணம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அதில் விலக்கு இல்லை. இங்கே துப்பாக்கி வாங்குவது திங்கள்சந்தையில் மீன் வாங்குவது போல என்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் பெருமை பேசும் நம் ஊர்க்காரர்கள் சிலர் உண்டு. அவர்களில் பலர் குடியுரிமை பெற்றவர்கள். தங்களுக்குப் பொருந்தும் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நான் வந்த புதிதில் தங்கியிருந்த வீட்டில், அறைத் தோழர் ஒருவர் யாரோ கொடுத்த கைத்துப்பாக்கியை மேசை இழுப்பறையில் வைத்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சண்டையை விசாரிக்க வந்த போலீசார் கண்ணில் அது பட்டதும், எங்கள் எல்லாரையும் பனியில் வெளியே நிறுத்திக் கடவுச்சீட்டு, விசா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கிரீன் கார்டு வரும்வரை நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை. வந்த பிறகு வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துத் தேறினேன். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு இன்றும் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

உரிமம் செல்லுபடியானது என்றால், உள்நாட்டுப் பயணம் கடினமில்லை. ஆனாலும் 2023-இல் மட்டும் இந்நாட்டு விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பயணிகளின் கைப்பைகளிலிருந்து 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. துப்பாக்கி கைப்பையில் போகவே கூடாது. தோட்டாவை நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, கவுண்டரில் அறிவித்து, சரக்குப் பகுதிக்குத்தான் அனுப்ப வேண்டும். வாங்கும்போது கடையில் தரும் பெட்டி பல சமயம் இதற்குப் போதாது. நான் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட்டைத் தனியே கழற்றி உள்ளேயே வைத்து, இரு முனைகளிலும் பூட்டிய பிறகு, மூடியின் நடுவில் கட்டைவிரலை விட்டு நெம்பிப் பார்ப்பேன். விரல் நுழைந்தால் அங்கே இன்னொரு பூட்டு விழும். கவுண்டரில் தரும் அறிவிப்பு அட்டையில் கையெழுத்திட்ட பின், சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சோதனை முடிந்ததென்று சொல்லும்வரை அங்கேயே நிற்பேன். போல்ட், தோட்டா அடுக்கும் மேகசின் போன்ற பாகங்களும் கைப்பையில் கூடாது. குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு மட்டும் அனுமதி உண்டு. தோட்டாக்கள் அதற்கென்றே செய்த பெட்டியில் இருக்க வேண்டும். 5 கிலோவுக்கு மேல் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

நியூயார்க், நியூஜெர்சி வழியாக மாற்று விமானம் பிடிக்கும் பயணச்சீட்டை மட்டும் எடுக்காதீர்கள். யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் 2005-இல் நியூஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் காலை முறைப்படி துப்பாக்கியை அறிவித்தபோது கைதானார். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவரைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் அந்த இரவுக்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. வழியில் அப்படி மாட்டினால் பெட்டியை வாங்காமல் விமான நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையான அச்சம் உங்கள் டிசம்பர் பயணத்தைப் பற்றித்தான். வேட்டைக்கு எடுத்துப்போன பையையே ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். .22 அளவுச் சிறு தோட்டா ஒன்று பையின் உள்துணிக் கிழிசலில் நுழைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். வளைகுடா வழியாகப் போகிறீர்கள் என்றால் அங்கே ஒரு ஆபத்து. விடுமுறை முடிந்து திருவனந்தபுரத்தில் ஏறும்போது சிஐஎஸ்எஃப் என்னும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் சோதனையில் இன்னொன்று. உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு 2019 திருத்தத்துக்குப் பின் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. தன்னிடம் இருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. அதை வைத்து வழக்கை ரத்து செய்துகொள்ளலாம் என்றாலும், ரத்தாகும்வரை உங்கள் வேலையும் விசாவும் காத்திருக்குமா? 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். திருவனந்தபுரம் விமான நிலையம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே வழக்குக்காக மார்த்தாண்டத்திலிருந்து எர்ணாகுளத்து உயர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

மாமாவுக்குத் துப்பாக்கி என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். பயணச் சாமானில் துப்பாக்கி கொண்டுபோவதை இந்தியச் சுங்க விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. காட்டுப்பன்றியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த என் தாத்தாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைச் சாக்கில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போவார். உரிமப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். எண்ணெயும் ரப்பர் பாலும் கலந்த ஒரு வாடை அந்தச் சாக்கில் வீசும். ரசீதை வாங்கி இருமுறை படித்துப் பார்த்த பிறகே அவர் படியிறங்குவார். மாமாவுக்கும் துப்பாக்கிதான் வேண்டுமென்றால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் அவரே விண்ணப்பிக்கட்டும். நீங்கள் சோலார் வேலி போடப் பணம் அனுப்புங்கள்.