19 வாரம் ஆகியும் குழந்தையின் துடிப்பு தெரியவில்லை, பயப்படணுமா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 19 வாரம் முடியப்போகிறது. என் அக்காவுக்கு 16 வாரத்திலேயே இரண்டாவது குழந்தையின் துடிப்பு தெரிந்துவிட்டதாம், எனக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. அதனால் ஆபத்து ஏதும் உண்டா? உள்ளே குழந்தை இப்போது என்னதான் செய்துகொண்டிருக்கும்? என் கணவர் தினமும் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார், அவருக்கு எப்போது தெரியும்?

முதலில் நேரான பதில்: பயப்பட வேண்டாம். ஏன் இன்னும் தெரியவில்லை என்பதற்கான காரணங்கள் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. தலைப்பிரசவத்தில் துடிப்பு, அதாவது குழந்தையின் அசைவு, பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு அதையும் தாண்டிப் போகும். உங்கள் அக்காவுக்கு அது இரண்டாவது குழந்தை. ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு அந்த உணர்வு என்ன என்று ஏற்கெனவே தெரியும், அதனால் 16 வாரத்திலேயே பிடித்துவிடுவார்கள். அதற்கு மேல் உங்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கம். இத்தனையும் சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போவது ரொம்ப சாதாரணம்.

ஸ்கேன் அறையில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. அம்மா படுத்திருப்பார், "இன்னும் துடிப்பே இல்லை டாக்டர்" என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருப்பார், அதே நேரத்தில் திரையில் குழந்தை முதுகை வளைத்து, காலை நீட்டி எம்பி, கையை முகத்துக்குக் கொண்டுபோய், திரும்பிப் படுத்துக்கொண்டிருக்கும். திரையை அவர் பக்கம் திருப்பி, "இப்போ உதைச்சது தெரிஞ்சுதா?" என்று கேட்டால், கண்ணை அகலத் திறந்துகொண்டு இல்லை என்று தலையாட்டுவார். அவ்வளவு ஆட்டமும் அவருக்குள்தான் நடக்கிறது, ஆனால் துளி உணர்வும் இல்லை. குழந்தை அசையாமல் இருப்பது வேறு, அசைவது நமக்குத் தெரியாமல் இருப்பது வேறு. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் இந்த வாரங்களின் கவலையில் பாதி போய்விடும்.

உண்மையில் குழந்தை 7, 8 வாரத்திலேயே அசைய ஆரம்பித்துவிடுகிறது, ஸ்கேனில் அதைப் பார்க்கவும் முடியும். அப்போது நீளம் 2 சென்டிமீட்டர் கூட இருக்காது. இப்போது நடுமாதங்களில் நடப்பது என்னவென்றால், அந்த அசைவுக்கு பலம் கூடுகிறது. எலும்பு இறுகுகிறது, கால்கள் நீண்டு உடம்புக்கு ஏற்ற அளவுக்கு வருகின்றன, தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை சீராகிறது. ஆனாலும் 20 வாரத்தில் குழந்தையின் எடை சுமார் 300 கிராம்தான், தலையிலிருந்து குதிகால் வரை 25 சென்டிமீட்டர் சுமார். சுற்றிலும் தண்ணீர். அந்தச் சின்னக் காலின் உதை கர்ப்பப்பையின் சுவரைத் தாண்டி உங்கள் வயிற்றுத் தசை வரை வந்து சேர்ந்தால்தான் உங்களுக்கு ஏதோ தட்டியது போலத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நஞ்சுக்கொடி வருகிறது. அது கர்ப்பப்பையின் முன்சுவர், பின்சுவர், பக்கவாட்டு, மேல்பகுதி என்று எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும், எல்லாமே இயல்புதான். முன்சுவரில் இருந்தால் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுத் தோலுக்கும் நடுவில் ஒரு மெத்தை போட்டது போல ஆகிவிடும். மெத்தைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் தட்டினால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். குழந்தைக்குப் போகும் ரத்தத்துக்கோ சத்துக்கோ இதனால் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் என்பது வேறு, கீழே இறங்கியிருப்பது என்பது வேறு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாய்க்குப் பக்கத்தில் கீழே இருந்தால்தான் கவனம் தேவை, அப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அப்படிக் குறிப்பிட்டிருந்தாலும்கூட, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி போகப்போக விரிவதால் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே விலகிவிடும், கடைசி மாதங்களில் இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்வார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கமாகவும் கீழேயும் இருந்தால் மட்டும் பழைய தழும்போடு ஒட்டியிருக்கிறதா என்று கூடுதலாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

சரி, துடிப்பு எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? பலர் படத்தில் பார்ப்பது போல வயிறு குதிக்கும் உதையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படி இருக்காது. உள்ளே ஒரு நீர்க்குமிழி உடைந்த மாதிரி, சின்ன மீன் ஒன்று வழுக்கிப் போன மாதிரி, இமை துடிப்பது போல ஒரு துடிப்பு அடிவயிற்றில் வந்த மாதிரி இருக்கும். வாயு என்று நினைத்து நீங்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை விட்டிருக்கலாம், அதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. இடத்தையும் கவனியுங்கள். 20 வாரத்தில்தான் கர்ப்பப்பையின் மேல்விளிம்பு தொப்புள் உயரத்துக்கு வரும், அதனால் தொப்புளுக்கு மேலே கை வைத்துக் காத்திருந்து பயனில்லை. உங்களுக்கு நஞ்சுக்கொடி முன்பக்கம் என்பதால் முதல் அசைவு நட்டநடுவில் தெரியாமல், இடுப்பு எலும்புக்குச் சற்று மேலேயோ, இரண்டு பக்கவாட்டிலோ தெரியலாம். ராத்திரி சாப்பிட்ட பிறகு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து அரைமணி நேரம் சும்மா இருந்து பாருங்கள். பகலில் நடந்துகொண்டும் வேலை செய்துகொண்டும் இருக்கும்போது இவ்வளவு மெல்லிய உணர்வு மனதில் பதியவே பதியாது.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே. அதற்கு முன் கணக்கு ஒன்று. 19 வாரம் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது, கரு உருவானது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக உங்கள் குழந்தையின் உண்மையான வயது சுமார் 17 வாரம். முதல் மூன்று மாதத்தில் உறுப்புகளின் அடித்தளம் போட்டாகிவிட்டது. நான்கு, ஐந்து, ஆறாம் மாதங்களில் அவை வளர்ந்து வேலை பழகுகின்றன.

எனக்கு இதில் மிகவும் வியப்பாக இருப்பது தண்ணீர் விஷயம்தான். குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது, அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அதைப் பிரித்துச் சிறுநீராக மறுபடி பனிக்குடத்துக்கே அனுப்புகிறது. நடுமாதங்களுக்கு வந்துவிட்டால் அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் அருவருப்புக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் கழிவுகளை வெளியேற்றும் வேலையை நஞ்சுக்கொடி உங்கள் ரத்தத்தின் வழியாகச் செய்துவிடுகிறது. அதே நீர் மூச்சு இழுப்பது போன்ற அசைவின்போது நுரையீரலுக்கும் போய் வருகிறது. காற்றே இல்லாத இடத்தில் மூச்சுப் பயிற்சி. இந்த மாதங்களில் நீர் மிகவும் குறைந்துபோனால் நுரையீரல் சரியாக வளராது, அதனால்தான் ஒவ்வொரு ஸ்கேனிலும் நீரின் அளவை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம். ரிப்போர்ட்டில் நீர் சரியான அளவில் இருக்கிறது என்று ஒரு வரி இருந்தால், குழந்தையின் சிறுநீரகம் வேலை செய்கிறது என்பதையும் அந்த ஒரே வரி சொல்லிவிடுகிறது.

அசைவும் அப்படித்தான். கை கால் ஆட்டுவதை நாம் விளையாட்டு என்று நினைக்கிறோம், ஆனால் மூட்டுகள் சரியாக மடங்கவும் நீளவும், எலும்பும் தசையும் உறுதியாகவும் அந்த அசைவு அவசியம். அசைய இடம் வேண்டும், அதற்கும் அந்தத் தண்ணீர்தான். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நடக்கும் வேலை இது.

வெளித்தோற்றத்தில், உடம்பு முழுக்கப் பூனைமுடி முளைத்திருக்கும், அதன்மேல் வெண்ணெய் தடவியது போல ஒரு வெள்ளைப் பூச்சு படிய ஆரம்பித்திருக்கும். மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் நம் விரல்கூடச் சுருங்கிப்போகும், அந்தத் தோலைக் காப்பது இந்தப் பூச்சுதான். விரல் ரேகை இந்த வாரங்களுக்குள் பதிந்துவிடுகிறது. புருவம், தலைமுடி எல்லாம் வருகிறது. கண் இமை மட்டும் மூடியே இருக்கும், 26 வாரத்துக்குப் பிறகுதான் திறக்கும். பெண் குழந்தையாக இருந்தால், அதன் சினைப்பையில் வாழ்நாளிலேயே மிக அதிகமாக முட்டைகள் இருக்கும் காலம் இதுதான், 20 வாரத்தில் 60, 70 லட்சம் இருக்கும், பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும்.

காது கேட்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்காதின் அமைப்பு ஏறக்குறைய இந்த வாரங்களில் உருவாகிவிடுகிறது, ஆனால் சத்தத்துக்குச் சீராக எதிர்வினை காட்டுவது 25, 26 வாரத்துக்குப் பிறகுதான். முதலில் பிடிபடுவது கனத்த, தாழ்ந்த ஒலிகள். அது கேட்பதில் அதிகமும் உங்கள் உடம்பின் சத்தம்தான்: ரத்தம் ஓடுவது, இதயத் துடிப்பு, வயிற்றின் உருட்டல், அப்புறம் உங்கள் குரல். உங்கள் குரல் காற்று வழியாக மட்டும் போவதில்லை, எலும்பும் திசுவும் கடத்திக்கொண்டு போவதால் அதற்குத் தனி அழுத்தம். அதற்காக வயிற்றில் ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ வைக்கத் தேவையில்லை. சாதாரணமாகப் பேசுங்கள், போதும்.

நுரையீரல்தான் கடைசியில் தயாராகும் உறுப்பு. 24 வாரத்தை ஒட்டித்தான் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் சுரக்க ஆரம்பிக்கிறது, அது போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகும். 24 வாரத்தில் பிறந்து, நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவின் துணையோடு பிழைத்த குழந்தைகள் உண்டு, ஆனால் அது மிகக் கடினமான பாதை. அப்போது எடை 600 கிராமை ஒட்டி இருக்கும், 28 வாரத்தில் ஒரு கிலோவைத் தொடும்.

இப்போது நீங்கள் நிஜமாகவே நினைவில் வைக்க வேண்டியதைச் சொல்கிறேன். 24 வாரம் முடிந்தும் ஒரு அசைவுகூடத் தெரியவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், நஞ்சுக்கொடி முன்பக்கம் என்று சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள். அதற்கு முன் துடிப்பு தெரிய ஆரம்பித்தால், முதல் சில வாரம் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது, அதில் பயம் இல்லை. 28 வாரத்தை நெருங்கும்போது உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் பிடிபட்டுவிடும், எந்த நேரம் ஆட்டம், எந்த நேரம் தூக்கம் என்று. குழந்தை ஒருமுறை தூங்கினால் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், 90 நிமிடத்தைத் தாண்டுவது அபூர்வம். இத்தனை உதை இருந்தால்தான் நல்லது என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழந்தையின் வழக்கத்தில் குறைவு தெரிந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி மாதத்தில் இடம் போதாமல் துடிப்பு குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அசைவின் விதம் மாறலாம், ஆனால் குறையக் கூடாது. வீட்டில் வாங்கி வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியையும் நம்பி இருக்க வேண்டாம், உங்கள் ரத்த ஓட்டத்தின் சத்தத்தையே குழந்தையின் இதயத்துடிப்பு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால், போக வேண்டிய நேரம் கைநழுவிப் போகும்.

ரத்தப்போக்கு, தண்ணீர் போலக் கசிவது, விடாத வயிற்று வலி, காய்ச்சல், 20 வாரத்துக்குப் பிறகு கடுமையான தலைவலி, கண் மங்குவது, முகம் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் துடிப்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மற்றபடி 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரை பரிசோதனை சொல்வார்கள், தவறவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வருகிறது என்று நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

கடைசியாக உங்கள் கணவர். வெளியிலிருந்து கைக்குத் தெரிவது உங்களுக்கு உள்ளே தெரிந்து சில வாரம் கழித்துத்தான், பலருக்கு 22 முதல் 24 வாரத்தில், நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகும். அவர் கையை நடுவில் வைக்க வேண்டாம், அடிவயிற்றின் பக்கவாட்டில் லேசாக அழுத்தி வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் "இங்கே" என்று காட்டும் இடத்தில். வைத்த உடனே எடுத்துவிடாமல் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், கை வைத்ததும் அடங்கிவிடும் குழந்தைகள் நிறைய உண்டு.