பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஏஐ-க்கும் என்ன சம்பந்தம்? அங்கே உண்மையிலேயே ஏதாவது சொல்லித் தருகிறார்களா?

சென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஏஐ-யைக் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள்தானே சொல்லித் தர வேண்டும், நூலகத்துக்கு அதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். என் மேசைக்கு வந்த ஒரு மாணவியிடமிருந்து தொடங்குகிறேன்.

பிஎச்.டி. முதல் வருடம். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களைப் பற்றி ஆய்வு. கையில் ஒரு தாள், அதில் 12 கட்டுரைகளின் பட்டியல். "மேடம், இதில் அஞ்சு எங்க தேடியும் கிடைக்கலை. ரெண்டு நாளா அலையுறேன். நம்ம லைப்ரரியில சந்தா கட்டலையா?" என்றாள்.

பட்டியலைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆசிரியர், ஆண்டு, இதழின் பெயர், தொகுதி, பக்க எண், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரும் தனி அடையாள எண்) என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கிடைக்காத ஐந்தில் முதல் கட்டுரை வந்ததாகச் சொன்ன இதழ் உண்மையான இதழ். அந்தத் தொகுதியும் பைண்டு போட்டு எங்கள் அலமாரியிலேயே இருந்தது. எடுத்து வந்து அவள் முன்னாலேயே பிரித்தேன். மீன்கடைப் பெண்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் கரும்பு விலை பற்றிய கட்டுரை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. டிஓஐ எண்ணை அதற்கான தளத்தில் போட்டுப் பார்த்தோம். மண்ணியல் கட்டுரை ஒன்று திறந்தது. "அப்போ இது எழுதப்படவே இல்லையா மேடம்?" என்றாள். ஆமாம்மா, இல்லை. மற்ற நான்கும் அப்படித்தான். பட்டியல் சாட்ஜிபிடி கொடுத்தது.

அந்தப் பெண் சோம்பேறி இல்லை. இல்லாத கட்டுரையைத் தேடி இரண்டு நாள் அலைந்தவளை எப்படிச் சோம்பேறி என்பது? யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நேரம் மிச்சமாகும் என்று நம்பித்தான் பிள்ளைகள் ஏஐ-யிடம் போகிறார்கள். போன நேரம் எங்கே போனது என்று எங்கள் மேசையில்தான் தெரிகிறது. இது யார் சொன்னது, எங்கே சொன்னது, அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே நூலகத்தின் வேலை. சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 2020-இல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகர்கள் இருவர், ஒரு ஏஐ கருவியைப் பற்றி எதையாவது படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளை 'ரோபோட்' என்ற பெயரில் தொகுத்துக் கொடுத்தார்கள். இது யாருடையது, எதற்காகச் சொல்கிறார்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்கிற மாதிரியான கேள்விகள். புத்தகத்தைப் பார்த்து நாங்கள் கேட்டு வந்தவைதான்.

சரி, எப்படிச் சொல்லித் தருகிறோம்? முதலில் ஆடிட்டோரியத்தில் 200 பேரை உட்கார வைத்து, சிறப்பு விருந்தினர், பிபிடி, கடைசியில் சான்றிதழ் என்று நடத்தினோம். அடுத்த வாரமே அதே மாதிரிப் பட்டியல்கள் மேசைக்கு வந்தன. இப்போது 15 பேர், ஒரு மேசை. அவரவர் எழுதிக்கொண்டிருப்பதை அவரவர் கொண்டு வர வேண்டும். மேடைப் பேச்சால் இந்த விஷயம் யாருக்கும் பழகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வகுப்பை நான் ஒரு பழமொழியோடு தொடங்குவேன். "யானை வரும் பின்னே" என்று நிறுத்துவேன். எல்லோரும் ஒரே குரலில் "மணியோசை வரும் முன்னே" என்பார்கள். யாரும் யோசிக்கவில்லை, எத்தனையோ முறை கேட்டதால் வாயில் வந்துவிட்டது. அடுத்து, "இன்று காலை காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ எவ்வளவு?" என்பேன். அமைதி. "தெரியாது என்று சொல்லக்கூடாது, ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்" என்பேன். ஒருவர் 900 என்பார், இன்னொருவர் 1,200 என்பார். பத்து ரூபாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒரு லட்சம் என்றும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் நம்பும்படியான ஒரு விலைதான் வரும். ஆனால் யாரும் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்து வரவில்லை. சாட்ஜிபிடி போன்ற கருவிகளை இயக்கும் மொழி மாதிரி என்பது அடிப்படையில் செய்வது இதைத்தான்: அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணிப்பது. இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இப்போது பல கருவிகளில் வந்துவிட்டது. அப்போதும் அது காட்டும் இணைப்பைத் திறந்து, சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் கேட்கும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் ஏஐ கற்றுக்கொண்ட தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஒரு வகுப்பில், மாணவர் ஒருவர் விடாமுயற்சி பற்றி ஏஐ-யிடம் திருக்குறள் கேட்டு வாங்கியிருந்தார். குறள் எண் 652 என்றே போட்டிருந்தது. கேட்பதற்கு நன்றாகவும் இருந்தது, முதலடியில் நான்கு சீர், அடுத்ததில் மூன்று. தமிழ்த்துறை மாணவி ஒருத்தி ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "மேடம், இது வெண்பாவே இல்லை" என்றாள். கடைசிச் சொல் 'உயர்ந்திடுவான்' என்று முடிந்தது. குறள் வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும்; இது மூன்று அசை, அவற்றில் அடங்காது. அலமாரியிலிருந்து உரைநூலை எடுத்தோம். 652 வினைத்தூய்மை அதிகாரத்தில் வருகிறது, அங்கே இருப்பது வேறு குறள். அந்த மேசையில் இருந்த 15 பேரும் அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எந்த பிபிடி-யும் கொடுத்திருக்காது.

இனி, எனக்கு மனசு கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வேடுகளை, ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமை மென்பொருளில் போட்டு அறிக்கை எடுப்பது எங்கள் பிரிவின் வேலை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண் கூடிவிடுமோ என்று பயந்துபோய், தான் எழுதியதையே ஏஐ-யிடம் கொடுத்து மாற்றி எழுதச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், ஒப்புமை சதவீதத்தோடு ஏஐ சதவீதம், அதாவது எவ்வளவு பகுதி ஏஐ எழுதியதாக இருக்கும் என்று இன்னொரு எண்ணும் வரத் தொடங்கியது. வரலாற்று மாணவர் ஒருவருக்கு அது 58 என்று வந்தது. நெறியாளர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அச்செடுத்துக் கொடுத்தது நான். அந்த அறையில் நானும் நின்றேன். அந்த எண் வெறும் ஊகம் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை, ஏஐ எழுதியதைக் கண்டறியும் ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்கள் எழுதியதில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாக முத்திரை விழுந்தது. எளிய சொற்களில், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வாக்கியம் எழுதினால் கருவி சந்தேகப்படுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும்? சாட்ஜிபிடி-யை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அந்த மாணவர் நீள நோட்டு மூன்று கொண்டுவந்தார்; முதலில் தமிழில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகு ஆங்கிலமாக்கியது எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. அதைக் காட்டிப் புரிய வைக்க இரண்டு மாதம் ஆனது. இப்போது அறிக்கை கொடுக்கும்போது, அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஒரு பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்தே கொடுக்கிறோம். நெறியாளர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பும் வைக்கிறோம். ஏஐ பற்றிய புரிதல் மாணவர்களுக்கு மட்டும் வேண்டியது இல்லை.

இன்னொன்று, களப்பணிப் பதிவுகள். யார் பெயர், எந்தத் தெரு, எவ்வளவு கடன் என்று ஒரு அம்மா நம்பிச் சொன்னதை இலவசக் கருவியில் அப்படியே ஏற்றிச் சுருக்கம் கேட்கக் கூடாது. மீன்கடைப் பெண்களின் பேட்டிகளை அந்த மாணவி அப்படி ஏற்ற இருந்தாள். பெயர்களை எடுத்தால் மட்டும் போதாது, ஊரும் கடையும் ஆளைக் காட்டிவிடும் என்று உட்கார்ந்து பேசினோம். அவளே கைப்படக் குறிப்பெடுப்பதாகச் சொல்லிவிட்டாள்.

ஏஐ-யைத் தொடாதே என்று நாங்கள் சொல்வதில்லை. புரியாத புள்ளியியல் முறையை எளிமையாக விளக்கச் சொல்லலாம், தேடுவதற்கான சொற்களைக் கேட்கலாம். அதில் அது நன்றாகவே உதவுகிறது. கட்டுரைக்கு மட்டும் மூலத்துக்குப் போங்கள். அரசு கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. முழுக் கட்டுரையே கைக்கு வரும்போது, ஏஐ சுருக்கிச் சொல்வதோடு ஏன் நிற்க வேண்டும்?

நீங்கள் மாணவர் என்றால், உங்கள் நூலகத்தில் இப்படி வகுப்பு நடக்கிறதா என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நேராக ரெஃபரன்ஸ் மேசைக்குப் போய்க் கேளுங்கள். போகும்போது ஏஐ தந்த பட்டியலை மட்டும் கொண்டு போகாமல், நீங்கள் அதனிடம் என்ன கேட்டீர்கள் என்பதையும் அப்படியே காட்டுங்கள். அந்த மாணவி கேட்டது, "காசிமேடு பற்றி 12 கட்டுரை கொடு" என்று. ஏழுதான் இருந்தது, மீதி ஐந்தை அது செய்து கொடுத்துவிட்டது.