லாங் க்யூடி உள்ள குழந்தை ஓடி விளையாடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் ஓடும்போது மயங்கி விழுந்தாள். பரம்பரையாக வரும் லாங் க்யூடி என்ற இதயக் கோளாறு, அதில் முதல் வகை என்றார்கள். அதற்காக ப்ராப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறாள். விளையாட்டு வகுப்பில் அவளை மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இனி ஓடவே கூடாதா?

பதில்: மரத்தடியில் உட்கார வைப்பது சிகிச்சை அல்ல, அம்மா. பள்ளியின் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தும் முன்னேற்பாடும் இருக்கின்றன.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்கு மின்னளவில் தயாராக வேண்டும். லாங் க்யூடியில் இதற்கு அதிக நேரம் பிடிக்கிறது. அதனால் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகும் ஆபத்து உண்டு. முதல் வகையில் ஓட்டமும், குறிப்பாக நீச்சலும் அதைத் தூண்டலாம். இரண்டாம் வகையில் அலாரம் போன்ற திடீர்ச் சத்தமே போதும். மூன்றாம் வகையில் தூக்கத்தில்தான் சிக்கல். எல்லாருக்கும் ஒரே தடை பொருந்தாததற்கு இதுவே காரணம்.

முன்பெல்லாம் போட்டி விளையாட்டு அறவே கூடாது என்றோம். 2015இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், சிகிச்சையுடன் குறைந்தது மூன்று மாதம் அறிகுறியின்றி இருப்பவர்களுக்கு, தக்க முன்னேற்பாட்டுடன் போட்டிகளையும் பரிசீலிக்கலாம் என்றது. முன்பு அறிகுறி வந்திருந்த முதல் வகைக்காரர்களுக்கு நீச்சல் போட்டிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. உங்கள் மகளை மாத்திரையுடன் டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்து, எதுவரை போகலாம் என்று அவளுடைய இதய மருத்துவர் எழுதித் தரட்டும். அந்தக் கடிதம் விளையாட்டு ஆசிரியர் கையில் இருக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரையைப் பற்றித்தான். மதிய வேளை மாத்திரை சாப்பாட்டுப் பையின் அடியிலேயே கிடந்து மாலையில் வீடு திரும்புவதைப் பல பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பள்ளி நேரத்தில் வேளை தவறுகிறது என்றால், நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். வாந்தி, பேதி வந்தால் பொட்டாசியம் குறைந்து ஆபத்து கூடும். அன்று விளையாட்டு வேண்டாம். கடையில் நீங்களாக மருந்து வாங்காதீர்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், ஒண்டான்செட்ரான், தொற்றுக்குத் தரும் அசித்ரோமைசின்கூட இவளுக்கு ஆகாது.

இது பரம்பரையாக வருவது என்பதால், பெற்றோர் இருவருக்கும், அவளுடைய உடன்பிறந்தவர்களுக்கும் ஈசிஜி எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே எடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவள் விழுந்தால் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைத் திணிக்கக் கூடாது. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சீராக இல்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் உடனே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் ஏஇடி கருவி இருந்தால் அதையும் பொருத்த வேண்டும்.