முப்பது உயிர் வாங்கியவர்கள் பேசலாமா?

கேள்வி: 1992 முதல் வீடியோ கேம் ஆடுகிறவன் நான். எங்கள் காலத்தில் கேசட்டைச் செருகினால் போதும், திறமை இருக்கிறவன் ஜெயித்தான். இன்று பணம் இருக்கிறவன் ஜெயிக்கிறான். பிள்ளைகளிடம் பொறுமையும் இல்லை. எட்டாவது படிக்கும் என் மகன் போனே கதியென்று கிடக்கிறான். அடிமையாகிவிட்டான் என்று பயமாக இருக்கிறது. எனக்கோ, தள்ளுபடியில் வாங்கிய கேம்கள் குவிந்து கிடக்கின்றன, ஒன்றையும் முடிப்பதில்லை. கெட்டுப்போனது கேமா, நானா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: திறமை இருக்கட்டும். காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை எத்தனை உயிரோடு முடித்தீர்கள்?

மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதை வாசிக்கும்போதே உங்கள் கட்டைவிரல் அசைந்திருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் பட்டன்களை இந்த வரிசையில் அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகிவிடும். இதை அழுத்தாமலே கடைசி லெவலைத் தாண்டினேன் என்று யாராவது சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவேன், நம்ப மாட்டேன். அந்தக் குறுக்குவழி பிறந்த கதை இன்னும் சுவையானது. காண்ட்ராவை வெளியிட்ட கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, கடைகளில் காசு போட்டு ஆடும் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டில் ஆடும் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அது 1986இல் வெளிவந்தது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால் அவராலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை. தனக்கென்று ஒரு திருட்டுச் சாவி செய்துகொண்டார். அதே சாவிதான் பிறகு காண்ட்ராவுக்கும் வந்தது. செய்தவரையே தோற்கடித்த இப்படிப்பட்ட ஆட்டங்களை நீங்களும் நானும் திறமையால் வென்றோமாம்!

அந்தக் கால கேம்கள் ஏன் அவ்வளவு கடினம் என்று யோசித்திருக்கிறீர்களா? சூப்பர் மரியோ பிரதர்ஸ் (1985) மொத்தமே 40 கிலோபைட். தினமும் காலையில் உறவினர் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கப் படம் அதைவிடப் பெரியது. 32 லெவல்தான், குழாய்க்குள் புகுந்து லெவல்களைத் தாண்டத் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். இவ்வளவு சின்னப் பண்டத்தை ஒரு கோடை விடுமுறை முழுக்க இழுக்க ஒரே வழி, ஆடுகிறவனைக் கொன்று கொன்று முதலிலிருந்து தொடங்க வைப்பது. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கவும் வழியில்லை. கடைகளில் நின்று ஆடிய பெட்டிகளின் கணக்கு இன்னும் நேரடியானது: நீங்கள் சீக்கிரம் செத்தால் கடைக்காரருக்கு அடுத்த நாணயம். ஆகவே 'அன்று பணம் கேட்கவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டது, நாணயமாகக் கேட்டது.

நேர்மை பற்றியும் ஒரு வார்த்தை. நம் தெருக்களில் புழங்கிய மஞ்சள் கேசட்டின் முகப்பில் 9999 கேம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் அதே நாலைந்து ஆட்டங்கள் பெயர் மாறி, நிறம் மாறி, ஐந்தாம் லெவலிலிருந்து தொடங்கி, மறுபடி மறுபடி வரும். கடைசி எண் வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று எனக்கு உண்டு. ஓடாத கேசட்டைக் கழற்றி ஊதினோமே, அதுவும் வீண்தான். கழற்றி மறுபடி செருகியதில் உலோக முனைகள் சரியாகப் பொருந்தின, அவ்வளவே. ஊதிய எச்சில் ஈரம் அவற்றை அரிக்கத்தான் செய்தது.

உங்கள் புகாரில் ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். பணம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வாங்கித் திறக்கும் வியாபாரம் இன்று பல கேம்களில் இருக்கிறது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அதைச் சூதாட்டம் என்றே சொன்னது. சரியாகத்தான் சொன்னது. எனக்கு அதைவிட எரிச்சல் தருவது தினசரி வருகைப் பதிவு. ஏழு நாள் தொடர்ந்து வந்தால் ஒரு வாள், ஒரு நாள் தவறினால் மறுபடி முதல் நாள். மாலை ஆறு மணிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து தப்பி வந்து இன்னோர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடவா நான் கேம் வாங்கினேன்? அப்படிப்பட்டவற்றை நான் அழித்துவிடுகிறேன். வாள் போனால் போகட்டும்.

இனி உங்கள் மகன். 'அடிமை' என்ற சொல்லை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருப்பது உண்மை. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்கப்படும் அடையாளங்கள் கனமானவை: கட்டுப்பாடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும், படிப்பு, தூக்கம், உறவு எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர வேண்டும், இதெல்லாம் பொதுவாக ஓராண்டாவது நீடிக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் வராதது இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் வந்தீர்களா?

அவன் வராததற்கு எளிய காரணம் ஒன்று இருக்கலாம். நூறு பேர் ஒரு தீவில் குதித்துக் கடைசி வரை நிற்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நால்வர் ஓர் அணி. அதற்கு நிறுத்தி வைக்கும் பட்டன் கிடையாது. உங்கள் மரியோவை நடு வானத்தில் நிறுத்திவிட்டுச் சோறு தின்றுவிட்டு வரலாம். அவன் எழுந்தால் மூன்று நண்பர்களை நடுக்காட்டில் விட்டுவிட்டு வந்தவன் ஆகிறான். மறுநாள் பள்ளியில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். 'உடனே வை' என்பதற்குப் பதிலாக, 'இந்த ஆட்டம் முடிய எவ்வளவு நேரம்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால் போனைப் பிடுங்குங்கள், நான் உங்கள் பக்கம்.

குவிந்து கிடக்கும் கேம்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கும் அதே நோய். புத்தகக் கண்காட்சியில் பை பையாக வாங்கி அலமாரியில் அடுக்கியதும் பாதி படித்துவிட்டதாகத் தோன்றுமே, அதே ஏமாற்று. இரவு பதினோரு மணிக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. கருவியைப் போட்டால் முதலில் அப்டேட் என்கிறது. அது முடியும்போது எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. உங்கள் பழைய கேசட்டில் நீங்கள் தேடுவது கேமை அல்ல ஐயா, மத்தியானம் இரண்டு மணிக்கு யாரும் எதற்கும் கூப்பிடாத அந்த வீட்டை.

பொறுமை பற்றிச் சொன்னீர்கள் அல்லவா? நின்டெண்டோ கருவிக்கு 1989இல் வந்த, விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் நினைவிருக்கும். 29ஆம் லெவலில் கட்டைகள் விழும் வேகத்துக்கு மனித விரல் ஈடுகொடுக்காது, அதோடு ஆட்டம் முடிந்தது என்றே நம் தலைமுறை நெடுங்காலம் நம்பியது. பட்டனை மேலிருந்து அழுத்தாமல், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் முதுகில் விரல்களை வரிசையாகத் தட்டும் உத்தியைப் பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்கப் பையன் 157ஆம் லெவல் வரை போனான். அங்கே தோற்றது அவனல்ல, கேம். தாங்க முடியாமல் திரை உறைந்து நின்றுவிட்டது. அவனுக்கு வயது 13, கிட்டத்தட்ட உங்கள் மகன் வயது. நான் இன்னும் 19ஆம் லெவலைத் தாண்டவில்லை.